பன்னிரண்டு பேர் நடத்தி இறக்கிய லாரி

ஏர் மீட்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பிரேக்கை மிதிக்கவே இல்லை. மிதிக்காமலே இறங்கியது. கொல்லிமலையின் நாற்பத்து மூன்றாம் வளைவைத் திரும்பி, நாற்பத்து இரண்டை நோக்கி வந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பத்து டன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. காலை வெயில் மீட்டர் கண்ணாடியில் பட்டுக் கூசியதால் தப்பாகத் தெரிகிறதோ என்று கையால் மறைத்துப் பார்த்தேன். தப்பாகத் தெரியவில்லை. வண்டிக்கு அடியில் எங்கோ 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் நிற்காமல் வந்தது.

லாரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எங்கள் வண்டிகளில் பிரேக்கைப் பிடிப்பது காற்று. இன்ஜின் ஓட ஓடக் காற்று டாங்கியில் சேரும். மிதித்தால் அந்தக் காற்று போய்ச் சக்கரத்தை இறுக்கும். காற்று இல்லையென்றால் காலுக்குக் கீழே இருப்பது வெறும் இரும்புத் தகடு.

எனக்கு முன்னால் ஒரு ஐம்பது, அறுபது அடி ரோடு இருந்தது. அதற்கப்புறம் வளைவு. வளைவுக்கப்புறம் பள்ளம்.

அதற்குள் போவதற்கு முன், வாசகர்கள் மன்னிக்க வேண்டும், என் பெருமையைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் அன்றைக்கு நான் பட்ட பாடு புரியும்.

ஃபஸ்ட் கியர் பாய்

காரவள்ளி அடிவாரத்து டீக்கடையில் எனக்கு அதுதான் பெயர். மலைமேல் செம்மேட்டிலிருந்து காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள், எண் கீழேயிருந்து தொடங்கும். எழுபதையும் நான் முதல் கியரில்தான் இறக்குவேன், மிஞ்சிப்போனால் நீட்டமான இடத்தில் இரண்டு. ஏறும்போது எந்தக் கியரில் வண்டி மூச்சு வாங்கியதோ, இறங்கும்போதும் அதே கியர்தான். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். பிரேக் சும்மா தொட்டுக்கொள்ள மட்டும்.

மற்றவர்கள் அப்படி இல்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு விட்டுவிடுவார்கள். பத்து டன் பாரம் பின்னாலிருந்து பிடரியைப் பிடித்துத் தள்ளும். அதைப் பிரேக்கிலேயே பிடித்துப் பிடித்து இறங்கினால் பாதி மலையில் பிரேக் டிரம் சூட்டில் பழுத்துவிடும். கருகிய வாடை வரும். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாடையை நான் அடுத்தவர் வண்டியில்தான் மோந்திருக்கிறேன், என் வண்டியில் ஒரு நாளும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும்.

பாதி வழியில் ஓரங்கட்டி, இறங்கிப் போய் ஆறு சக்கரத்தின் டிரம் பக்கத்திலும் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பேன். அதைப் பார்த்து பஸ்காரர்கள் சிரிப்பார்கள். "என்ன பாய், வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சேந்தமங்கலத்தில் என் வீட்டில் இன்னும் மோசம். "உங்களோட கிளம்பி மலையிலிருந்து நடந்து வந்தவங்க குளிச்சு, சோறுண்டு, தூங்கியே எந்திரிச்சுட்டாங்க. நீங்க இப்பத்தான் வாரீங்க" என்பாள் மைமூன். என் மனைவி. வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

ஆனால் வாசலில் நின்று வழி பார்க்கிறவள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் கேலி ஒட்டாது.

என்னிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. லோடு மேல் ஆள் ஏறக்கூடாது. மலையில் பஸ் குறைவு. கிழங்கு மேலும் பலாப்பழம் மேலும் உட்கார்ந்து இறங்குவது அங்கே சாதாரணம். எல்லா டிரைவரும் ஏற்றுவார்கள். நான் ஏற்றமாட்டேன். ஒரு முறை ஒரு வளைவில் யாருடைய வண்டியோ கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். மேலே உட்கார்ந்து வந்தவரின் ஒற்றைச் செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. அன்றிலிருந்து யார் கெஞ்சினாலும் என் காது கேட்காது.

எங்க கிழங்கு, நாங்களும் வாரோம்

அந்தச் சட்டத்தோடு மோதியவர்தான் வெள்ளையம்மாக்கா.

செம்மேட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊர். பத்துப் பதினைந்து வீடு. வெள்ளையம்மாக்காவுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. நான் மரியாதைக்கு அக்கா என்பேன், அவரும் மறுக்கமாட்டார். குரல் மட்டும் பெரிய குரல். எதிர்மலையில் மேயும் மாட்டை இங்கிருந்தே திட்டுவார்.

அந்த ஊர்க் கிழங்கு முழுக்க ஒரு தரகர் வழியாகத்தான் கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். ஆலை எப்படி இருக்கும் என்றுகூட ஊரில் யாரும் பார்த்ததில்லை. கிழங்கு போகும், "மட்டமான கிழங்கு, மாவே இல்லை" என்று தரகர் வந்து சொல்வார், அவர் சொன்னதுதான் விலை. அந்த வருஷம் பன்னிரண்டு பேர் கூடி, எங்கள் கிழங்கை நாங்களே கொண்டுபோகிறோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு முன் செய்யாத காரியம்.

தரகர் சிரித்திருக்கிறார். "ஆலை கேட்டுக்குள்ள உங்க லோடு போயிட்டா, நான் இந்த மலைக்கே வரமாட்டேன். போகலைன்னா, அப்புறம் எங்கிட்டத்தான் வரோணும், ஞாபகம் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அவருக்குப் பயந்து வேறு எந்த லாரியும் வரவில்லை. என்னிடம் வந்தார்கள். எனக்குக் கேட்டதும் ரத்தம் சூடாகிவிட்டது. சரி என்றேன்.

குச்சிக்கிழங்கு பிடுங்கினால் தாமதம் தாங்காது. ஒன்றரை நாள், இரண்டு நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிவிடும். கோடு ஓடின கிழங்கை ஆலையில் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே முந்தைய நாள் பிடுங்கி, விடிந்ததும் ஏற்றி, அன்று பொழுது சாய்வதற்குள் ஆலைக்குள் போயாக வேண்டும். போனால் அந்த ஊர் தன் காலில் நிற்கும். போகாவிட்டால் மறுபடி தரகர் காலில்.

ஏற்றி முடிந்தது. பன்னிரண்டு பேரும் லோடு மேல் ஏற வந்தார்கள்.

"ஏறக்கூடாதுங்க" என்றேன்.

"ஏனுங்க பாய், எங்க கிழங்கு, நாங்களும் வாரோம். தராசுல ஏத்தறதை எங்க கண்ணால பாக்கோணும்" என்றார் வெள்ளையம்மாக்கா.

"பஸ்ல வாங்கக்கா."

"பஸ்ஸு பத்து மணிக்குத்தானுங்க. அதுக்குள்ள நீங்க போயிருவீங்க. தனியா உடமாட்டமுங்க. தனியா உட்டுத்தான் இத்தனை வருசம் ஏமாந்தோம்."

"என்னைய நம்பலீங்களா?"

"உங்களை நம்பறமுங்க. கிழங்கை உட்டுட்டு இருக்கத்தான் முடியலை."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஒருத்தர் ஏறினாலும் நான் வண்டியை எடுக்கமாட்டேன் என்று சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செரி, நடக்கறோம். உங்க வண்டிக்கு நாங்க நடந்தாலே முன்னால போயிருவோம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது நிஜம். மலைக்காரர்களின் பழைய ஒற்றையடித் தடம் வளைவுகளையெல்லாம் அறுத்துக்கொண்டு நேராக இறங்கும். வழியில் பல இடங்களில் ரோட்டைக் குறுக்கே தாண்டும். தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, என் லாரி வருகிறதா, கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த இறக்கம் இறங்குவது என்று முடிவாயிற்று.

அப்படியே நடந்தது. அறுபதுகளில் ஒரு வளைவில் பார்த்தேன், வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பத்தைந்து பக்கம் பார்த்தேன், ஒருத்தர் படுத்தே விட்டிருந்தார். "பாய், பொழுதோட வந்துருவீங்களா?" என்று அக்கா கத்தினார்.

அந்த அறுபது அடி

இப்போது முள்ளுக்கு வருகிறேன்.

நாற்பத்து இரண்டாம் வளைவு ஒரே வெட்டில் திரும்பாது. பாரத்தோடு வரும் லாரி பாதி திரும்பி, நின்று, ஒரு தடவை பின்னால் எடுத்து, மறுபடி திரும்ப வேண்டும். நிற்கப் பிரேக் வேண்டும். முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வேகமே அந்த வளைவில் என்னைப் பள்ளத்தில் கொண்டுபோய் விடப் போதும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது காலி வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைக்க மட்டும்தான் ஆகும் என்பது எனக்கே தெரியும்.

கிளீனரும் அன்று இல்லை. அவர் வீட்டில் கல்யாணம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் கிடையாது.

வேறு யோசனை ஓடவில்லை. குதித்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது என்பதையும் மறைக்கவில்லை. கதவுப்பிடி வரைக்கும் கை போனது. அப்புறம் பின்னால் இருப்பது யாருடைய கிழங்கு என்று நினைப்பு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

என் இடப்பக்கம் பாறைச் சுவர், அதை ஒட்டி மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். "யா அல்லாஹ்" என்று ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. வண்டியின் இடது பக்கம் பாறையில் சாய்ந்து, தகரம் கிழிகிற சத்தம். கண்ணாடி தெறித்தது. வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. பத்து டன் பின்னாலிருந்து அமுக்க, பாறையைத் தேய்த்துக்கொண்டே வண்டி ஊர்ந்தது.

ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

அந்தப் பன்னிரண்டு பேரும் வளைவுக்குச் சற்று மேலே தடம் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில்தான் நின்றிருந்தார்கள். "கல்லு! கல்லு போடுங்க!" என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் மலைக்காரர்களுக்குச் சறுக்குகிற பாரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரோட்டோரக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

முதல் கல்லைச் சக்கரம் எத்தித் தள்ளியது. இரண்டாவதை நசுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. சடையண்ணன் என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், ஒரு பெரிய கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பின்சக்கரத்துக்கு முன்னால் போட்டார். அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

இறங்கிப் பார்த்தேன். வளைவுக்குப் பதினைந்து அடி இருந்தது. காலை முழுக்கக் கேலி பேசியவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

லோடு மேல் யாரும் இல்லை. பாறையில் தேய்ந்த உலுக்கலில் மேலே இருந்த மூட்டைகள் நாலைந்து பள்ளத்தில் போய் விழுந்திருந்தன. அக்கா அவற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதும், சாகிற வரைக்கும் போதும்.

வயிற்றடியில் ஒரு கயிறு

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்று போகும் ரப்பர்க் குழாயின் மேல் ஒரு கயிறு. லோடைக் கட்டுகிற கயிறு எப்போதும் வண்டியின் பக்கவாட்டுக் கொக்கிகளில்தான் மாட்டும். இது அடிவழியாகப் போயிருந்தது. வண்டி ஆட ஆட, கயிறு குழாயை அறுத்திருக்கிறது.

"எவன்டா அடியில கயிறு கட்டினவன்?" என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

சடையண்ணன் முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க சாமி. பொதி மாட்டுக்கு வயித்தடியில கயிறு குடுத்துத்தான் கட்டுவோம். அப்பத்தான் எறக்கத்துல சுமை சாயாது. லாரிக்கும் அப்புடிக் கட்டுனா நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

ரோடு வருவதற்கு முன்பு மாட்டு முதுகில் பொதி ஏற்றி அந்தத் தடத்தில் இறக்கியவர் அவர். இறக்கத்தில் பாரம் சாயக்கூடாது என்ற கவலையில், தனக்குத் தெரிந்த நல்ல வேலையைச் செய்திருக்கிறார். லாரிக்கு வயிறு கிடையாது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இந்தக் கதையை லாரி ஸ்டாண்டில் நூறு தடவை சொல்லியிருப்பேன். கயிற்றோடு நிறுத்திக்கொள்வேன். இன்று மீதியையும் எழுதிவிடுகிறேன். ஏற்றி முடிந்ததும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன், அடியிலும் குனிந்து பார்த்தேன். அப்புறம் அக்கா வீட்டில் காபி கொடுத்தார்கள். நான் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சடையண்ணன் அந்தக் கயிற்றைக் கட்டியிருக்கிறார். திரும்பி வந்து நான் இன்னொரு முறை குனிந்து பார்க்கவில்லை. ஃபஸ்ட் கியர் பாய்க்கு அவ்வளவு மிதப்பு. தப்பு என்னுடையது.

அன்றைக்கே அதைச் சொன்னேன். "சடையண்ணே, நான் பாத்திருக்கோணும். பாக்கலை. உங்க மேல தப்பில்லீங்க." அவர் தலை நிமிரவில்லை.

மறுபடி இறக்கம்

குழாய் கீழே ஒர்க்‌ஷாப்பில்தான் கிடைக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஆகாது. அறுந்த துண்டை வெட்டி எடுத்து, "இதே அளவு, இதே தடிமன்" என்று யாரிடம் கொடுப்பது என்று பார்த்தேன். சடையண்ணன் கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு தடத்தில் இறங்கினார். ஐம்பது வயசு ஆள் அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை.

அவர் வருவதற்குள் மற்றவர்கள் தழை வெட்டி வந்து கிழங்கின் மேல் மூடினார்கள். வாய்க்காலில் கல் நிரப்பிச் சக்கரம் ஏற வழி செய்தார்கள். இரண்டு பேர் பள்ளத்தில் இறங்கி, விழுந்த மூட்டைகளில் மூன்றை முதுகில் தூக்கி வந்துவிட்டார்கள். மேலே ஏறிய பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், பாறைக்கு முத்தம் குடுக்கறீங்களா?" என்றார். அக்கா அவருக்குக் கொடுத்த பதிலில் பஸ் சீக்கிரம் போய்விட்டது.

மத்தியான பஸ்ஸில் சடையண்ணன் குழாயோடு வந்து இறங்கினார். மாட்டினேன். இன்ஜினை ஓடவிட்டேன். முள் ஏறி நின்றது. பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். அடியில் மூன்று முறை படுத்துப் பார்த்தேன். அதற்கப்புறமும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, தடத்துல போகவேண்டாம். என்கூட நடங்க. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கல்லு. நான் கத்துனா போடோணும், போட்டுட்டு வெலகிரோணும். சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவுல மட்டும் யாரும் வரக்கூடாது."

"தேருக்குக் கட்டை போடற மாதிரீங்களா?"

"அதேதானுங்க."

நாற்பத்து இரண்டிலிருந்து ஒன்று வரைக்கும் அப்படித்தான் இறக்கினோம். பக்கத்துக்கு ஆறு பேர். கையில் கல். முதல் கியர். ஒரு கல்லைக்கூடப் போட வேண்டி வரவில்லை. ஆனாலும் யாரும் கல்லைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் நிறுத்திப் பின்னால் எடுக்கும்போது பன்னிரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது கேபினுக்குள் இருந்த எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். அந்த நாற்பத்து இரண்டு வளைவுகளைப் போல வேறு எதையும் ஓட்டியதில்லை.

ஆலை கேட்டில்

காரவள்ளியில் அவர்கள் டவுன் பஸ் ஏறினார்கள். நான் சேந்தமங்கலத்தைத் தாண்டி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கேயும் எனக்கு முன்னால் வந்து கேட்டில் நின்றிருந்தார்கள். வேர்வையும் செம்மண்ணுமாக, கூட்டத்தில் ஒதுங்கி. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து லாரிகள்.

கேட்டில் இருந்த எழுத்தர் ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக ஒடித்தார். பன்னிரண்டு பேரும் கழுத்தை நீட்டினார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. இன்னும் இரண்டு எடுத்து ஒடித்துப் பார்த்தார். தலையசைத்துவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"யாரு லோடு?"

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் தரகர் பெயர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டார்.

"எங்க லோடுங்க."

"எங்கன்னா யாரும்மா? பேரைச் சொல்லு."

"சடையன்னு எழுதுங்க."

கூட்டத்தின் கடைசியில் நின்ற சடையண்ணன் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

எழுத்தர் எழுதிக்கொண்டு நோட்டை மூடப்போனார். "இருங்க, இன்னும் இருக்குது" என்றார் அக்கா.

"ஒரு பேரு போதும்மா."

"பன்னெண்டு பேரு நடந்து வந்தோமுங்க. பன்னெண்டையும் எழுதுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் இன்ஜினை அணைத்தேன். அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். தன் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்கள். பன்னிரண்டாவது பெயரை எழுதி முடிக்கிற வரைக்கும் நான் வண்டியை நகர்த்தவில்லை.